பசியில் சொன்ன வார்த்தை

மெய்ஜி நான்காம் ஆண்டு, ஏழாம் மாதம் 23

பல் வலி. கீழ்க் கடைவாய்ப் பல். கிராம்பு வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. காலைக் கஞ்சியோடு வந்த முள்ளங்கி ஊறுகாயைக் கடிக்க முடியாமல் ஷிஹோ பக்கம் தள்ளினேன்.

"கசமி நாட்டோட பதினோராவது பிரபு ஒரு முள்ளங்கிகிட்ட தோத்துட்டார்," என்றாள். மனைவி என்றால் எல்லா வீட்டிலும் இப்படித்தானா, இல்லை எனக்கு மட்டும் வாய்த்ததா?

என் வேட்டை வல்லூறு இறகு உதிர்க்கிறது. தீனியைக் கூட்டச் சொல்லி உத்தரவு போட்டேன்.

ஏழாம் மாதம் 25

டோக்கியோவிலிருந்து ஆள் வந்தான். கடிதத்தை நானே பிரித்தேன்.

நாடுகள் இனி இல்லை. கசமி மட்டுமல்ல, எல்லாப் பிரபுக்களின் நாடுகளும் இந்த மாதம் பதினான்காம் தேதியோடு ஒழிந்தன. இனி மாவட்டங்கள், அவற்றுக்கு அதிகாரிகளைத் தலைநகரம் அனுப்பும். பழைய பிரபுக்கள் ஒன்பதாம் மாத முடிவுக்குள் குடும்பத்தோடு டோக்கியோ போய்க் குடியேற வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பே நிலத்தைப் பேரரசருக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. அப்போது ஆளுநர் என்று பெயரை மாற்றி, அதே பாயில் அதே இடத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது பாயையும் சுருட்டுகிறார்கள்.

பதினான்காம் தேதியோடு! அப்படியானால் பதினோரு நாட்களாக நான் ஒன்றுமே இல்லை. அது தெரியாமல் வல்லூறுக்குத் தீனி உத்தரவு.

ஏழாம் மாதம் 26

பெரிய கூடத்தில் முந்நூறு பேர். கடிதத்தை நானே வாசித்தேன். கடைசி வரிசையில் யாரோ விம்மியதும் எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

தலைமை அமைச்சர் ஹிபினோ கென்பா தனியே வந்தார். அப்பா காலத்திலிருந்து இருப்பவர், வயது ஐம்பத்தெட்டு.

"உடம்பு சரியில்லன்னு எழுதிப் போட்டுருவோம் பிரபு. ஒரு வருஷம் இழுக்கலாம். அதுக்குள்ள அங்க என்னென்னமோ மாறிடும்."

"பல் வலி ஒன்றுதான் இருக்கிறது."

"அதையே பெருசு பண்ணி எழுதுவோம்!"

மூன்று வருடம் முன்பு வடக்கே நடந்த போரில் பிடிவாதம் பிடித்த பிரபுக்களின் கோட்டைகள் என்ன ஆயின என்று அவருக்கும் தெரியும். அவர்கள் உட்கார்ந்த பாய்க்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செத்தார்கள். என் பாய்க்காக யாரும் சாக வேண்டாம். போகிறேன். சொன்னால் சொன்னதுதான். அவரிடமும் அப்படியே சொன்னேன்.

"உங்க அப்பாவுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது," என்றார். குறை சொன்னாரா, மெச்சினாரா?

எட்டாம் மாதம் 3

பல்லக்குத் தூக்கிகளை விடுவித்துவிட்டேன். டோக்கியோவுக்கு நடந்தே போவதாக முடிவு. ஷிஹோவும் பணிப்பெண்களும் கப்பலில் வருவார்கள்.

ஆனால் நடப்பதற்கு முன் செருப்புக் கட்ட வேண்டும். இருபத்தேழு வயதாகிறது, வைக்கோல் செருப்பின் கயிற்றை என் கையால் ஒருமுறைகூட முடிந்ததில்லை. குதிரைக்காரர் டோகுசோ கற்றுக்கொடுத்தார். நான்கு முறை அவிழ்ந்தது. ஐந்தாவது முறை கோபத்தில் இழுத்தேன், கயிறே அறுந்துவிட்டது.

"எசமான், அது செருப்பு. எதிரி இல்ல."

மாலைக்குள் கட்டிவிட்டேன். கோட்டையை மூன்று சுற்று நடந்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நாளை ஐந்து சுற்று.

எட்டாம் மாதம் 21

குடுமியை எடுத்துவிட்டேன். ஷிஹோ அரை நாழிகை சிரித்தாள். பிறகு வெட்டிய முடியை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் 4

இன்று புறப்பட்டேன். இன்றே திரும்பியும் வந்துவிட்டேன். நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் கோட்டை வாசலில் எல்லோரும் வணங்கி நின்றார்கள். நான், கென்பா, டோகுசோ, பெட்டி தூக்குகிறவர்கள் ஆறு பேர். புதிய மாவட்டம் காவலுக்கு அனுப்பிய பன்னிரண்டு துப்பாக்கிக்காரர்கள். இகாவா ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது சாலை தெரியவில்லை. வைக்கோல் மழைக்கோட்டும் கூம்புத் தொப்பியுமாக ஐந்நூறு, அறுநூறு பேர், பாலத்தின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தக் கரை வரை சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்துக் கிடந்தார்கள்.

வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷப்பட்டேன். என்னைப் போகவிட மனமில்லாத ஜனங்கள்! அப்பாவுக்கு இப்படி நடந்ததா? தாத்தாவுக்கு?

"விலகலன்னா சுடுவோம்," என்றான் துப்பாக்கிக்காரர்களின் தலைவன். அவனைப் பின்னால் நிறுத்திவிட்டு முன்னே போனேன். என் வாழ்க்கையில் ஒரு குடியானவரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

"உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது," என்று ஆரம்பித்தேன்.

"அன்பா?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். காய்ந்த முகம், முழங்கால் வரை சேறு. பக்கத்தில் இருந்த ஊர்த்தலைவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டாள்.

"அன்புக்கு இல்லீங்க எசமான். காட்டுக்கு."

"எந்தக் காடு?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று அதிலேயே தெரிந்தது.

"எந்தக் காடா! குன்றுக் காடுங்க. மூணு வருஷம் முந்தி, வெள்ளம் வந்தப்போ, இதே பாலத்துல நீங்க குதிரை மேல இருந்தீங்க. வயல் பூரா மணல் மூடிக் கெடந்துச்சு. தழை இல்ல, விறகு இல்ல. காட்டைத் தொறந்து விடுங்கன்னு மண்ணுல விழுந்து கும்பிட்டோம். வெட்டிக்கட்டும்னு சொன்னீங்க. அன்னையிலேருந்து வெட்டிட்டு வர்றோம். இப்போ புது ஆளுங்க வந்து, காடு சர்க்காரோடதுன்னு கயிறு கட்டுறாங்க. யாரு சொன்னா வெட்டுனீங்கன்னு கேக்குறாங்க. சொன்ன வாய் டோக்கியோ போயிட்டா, சொன்ன சொல்லும் போயிடும். அதான் வாயை விட மாட்டோம்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. வெள்ளம் நினைவிருக்கிறது. பாலமும் நினைவிருக்கிறது. சொன்னது துளிகூட நினைவில் இல்லை.

இல்லை என்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. "மூன்று நாளில் பதில் சொல்கிறேன்," என்று சொல்லித் திரும்பி நடந்தேன். துப்பாக்கிகள் தாழ்ந்தன. வழி நெடுக கென்பாவின் முகத்தில் ஒரு திருப்தி. நான் தங்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஒன்பதாம் மாதம் 5

பழைய நாட்குறிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு காலை முழுவதும் உட்கார்ந்தேன். வெள்ள வருடம், ஆறாம் மாதம் 9. முழுப் பதிவையும் இங்கே எழுதுகிறேன்: "மழை விட்டது. பாலம் வரை போனேன். வல்லூறு இரை எடுக்கவில்லை."

அவ்வளவுதான்.

டோகுசோவைக் கூப்பிட்டேன். அன்றைக்குக் கடிவாளம் பிடித்திருந்தவர் அவர்தான்.

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்க எசமான்."

"சொன்னபடியே சொல்லு. ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது."

அவர் குதிரைலாயத்துப் பக்கம் பார்த்தார். தரையைப் பார்த்தார். "'வெட்டிக்கட்டும். எனக்குப் பசிக்குது, போகலாம்'னு சொன்னீங்க."

ஊரே மூன்று வருடமாகப் பட்டயம் போலக் காப்பாற்றிவரும் வார்த்தை இது. நான் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் துப்பியது.

கென்பாவுக்கும் நினைவிருந்தது. "கேட்டேன். பதிவேட்டுல ஏத்தல. பிரபு வாயில வர்றதையெல்லாம் ஏத்தினா ஏடு பத்துமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. முத்திரை நம்ம கையிலதான் இருக்கு. அந்த வருஷத் தேதி போட்டு ஒரு பட்டயம் எழுதினா முடிஞ்சுது. பழைய காகிதம் நிறைய இருக்கு."

வழி சுலபம்தான். ஒப்புக்கொள்ளக் கை துடித்தது. ஆனால் முத்திரை பதினான்காம் தேதியோடு செத்துவிட்டது. செத்த முத்திரையை வைத்துப் பழைய தேதி போட்டால், உண்மையாகவே சொன்ன ஒரு வார்த்தையைப் பொய்யாக்குகிறேன். மை புதிது என்று எவனாவது ஒருவன் கண்டுபிடித்தால் போதும், ஊர் மொத்தமும் மாட்டும். வேண்டாம் என்றேன்.

"பேசினாளே, அந்தப் பெண் யார்?"

"ஓட்சுனே. வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி, அந்தக் காட்டுல தேவதாரு வெட்டினான்னு ஒருத்தன் தலைய எடுத்தோமே, அவன் பொண்டாட்டி."

"எடுத்தோமே என்றால்?"

"நான் வாசிச்சேன். நீங்க 'நடக்கட்டும்'னீங்க." அவரே தொடர்ந்தார்: "மரத்துக்குத் தலைங்கறது உங்க கொள்ளுத்தாத்தா போட்ட சட்டம் பிரபு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்தத் தேதியையும் தேடி எடுத்தேன். "சளி. இஞ்சிக் கஷாயம் குடித்தேன்."

வேறொன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை.

ஒன்பதாம் மாதம் 7

பெட்டிகளைப் பிறகு அனுப்பச் சொல்லி, துப்பாக்கிக்காரர்களைக் கோட்டையிலேயே நிறுத்திவிட்டு டோகுசோவுடன் மட்டும் பாலத்துக்குப் போனேன். மூன்று நாளும் அவர்கள் கலையவில்லை. சாலையோரத்தில் அடுப்பு மூட்டித் தினைக் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள்.

உள்ளதைச் சொன்னேன். "நான் சொன்னது உண்மை. சொன்னது எனக்கு நினைவில்லை என்பதும் உண்மை. டோகுசோ சொல்லித்தான் தெரிந்தது. எழுத்து எதுவும் இல்லை. இப்போது எழுதித்தர எனக்கு அதிகாரமும் இல்லை. நான் இங்கேயே உட்கார்ந்தால் துப்பாக்கிதான் பேசும், காடு மிஞ்சாது. நான் போயே ஆக வேண்டும். ஆனால் எங்கே கூப்பிட்டாலும், எந்த அதிகாரி முன்னால் என்றாலும் வந்து சாட்சி சொல்வேன்."

ஊர்த்தலைவர் நெற்றி மண்ணில் படக் குனிந்தார். ஓட்சுனே குனியவில்லை.

"நீங்க வருவீங்கங்கறதுக்கு யாரு சாட்சி?"

டோகுசோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, ஒண்ணு சொல்லுங்க. என் புருஷன் பேரு என்ன?"

அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை எடுக்கச் சொன்னேன், பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கென்பா வாசித்திருப்பார். என் காதில் விழவே இல்லை.

"தெரியாது," என்றேன். "சொல்லுங்கள்."

"சொன்னா மறந்துடுவீங்க. அதுதான் உங்க பழக்கமாச்சே."

"எழுதிவைப்பேன்."

"மொசுகே. பெரிய மரம் வெட்டல எசமான். கைக்குழந்தைக்குக் குளிருதுன்னு ஒரு கிளை. கிளை ஒடிஞ்சப்போ மரமும் பொளந்துடுச்சு. காட்டுக்காவலன் மரம்னு எழுதிட்டான். குழந்தையும் அந்தக் குளிரைத் தாண்டல." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "வழி விடுங்க. இவர் பொய் சொல்லல. பொய் சொல்றவரா இருந்தா, பேரு தெரியும்னு எதையாவது உளறியிருப்பார்."

எழுந்து வழி விட்டார்கள். பாலத்தை நடந்து கடந்தேன். யாரும் வணங்கவில்லை. செருப்புக் கயிறு அவிழவில்லை.

மொசுகே. மொசுகே. மொசுகே.

பதினோராம் மாதம் 16, டோக்கியோ

வீடு சின்னது. கூரை ஒழுகுகிறது. தெருவில் என்னைத் தாண்டிப் போகிறவன் நான் யார் என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் கானாங்கெளுத்தி வாங்கக் கடைக்கு நானே போனேன்.

மெய்ஜி ஐந்து, நான்காம் மாதம் 8

நிலத்துறை அலுவலகத்துக்கு இன்றோடு ஏழாம் முறை. காலையிலிருந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சோயா வியாபாரி. "நீங்க எதுக்குங்க?" என்று கேட்டார். ஒரு காட்டுக்கு என்றேன். "உங்க காடா?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன்யா உயிரை விடறீங்க?"

கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். மனுவில் என் பெயருக்குப் பின்னால் எத்தனை மரியாதைச் சொற்கள் போடவேண்டும் என்று எழுத்தர் குழம்பிக்கொண்டிருந்தார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருக்கு அது இன்னும் குழப்பமாகப் போயிற்று. மனு திரும்பிவிட்டது. எழுத்து ஆதாரம் இணைக்கவில்லையாம்.

மெய்ஜி ஆறு, ஜனவரி 1

நாட்காட்டியையும் மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் இரண்டே நாள் இருந்தது, மூன்றாம் நாள் புத்தாண்டு என்றார்கள். நாடுகளை மட்டுமல்ல, நாட்களையும் ஒழிக்கலாம் போலிருக்கிறது. ஷிஹோவுக்குத்தான் கோபம்: "புத்தாண்டு வந்தாத்தான் எல்லாருக்கும் வயசு கூடும். ஒரு மாசம் முன்னாலயே எனக்குக் கூடிடுச்சே, யாரைக் கேட்டு?"

மெய்ஜி ஏழு, பிப்ரவரி 19

கோட்டையை இடித்துவிட்டார்கள் என்று கடிதம். மரங்களைக் குளியல்கூடக்காரர்கள் விறகுக்கு வாங்கிப் போனார்களாம். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. குன்றுக் காட்டைச் சுற்றி வேலி போட்டாயிற்று. தழை வெட்டப் போன நான்கு பேரைப் பிடித்துப் பத்து நாள் அடைத்துவைத்தார்கள். அதில் ஓட்சுனே ஒருத்தி. இதற்குத்தான் வருத்தம் வந்தது. வருத்தமா? இல்லை, எரிச்சல். என் மேல்.

பதினொன்றாவது மனுவை எழுதினேன்.

மெய்ஜி எட்டு, ஜூலை 5

இன்று நிலத்துறையில் அந்த எழுத்தரே கூப்பிட்டுச் சொன்னார், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு: "புது விதி வந்திருக்குங்க. மலை, காடு யாருக்குன்னு ஊர் ஊராப் போய்ப் பிரிக்கப்போறாங்க. எழுத்து இல்லாட்டியும், பழைய வழக்கம்னு நம்பிக்கையான சாட்சி இருந்தா எடுத்துக்கலாம். ஆனா சாட்சி நேர்ல வரணும். தபால்ல வராது."

வீடு வரை ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். முப்பத்தொரு வயதில், தெருவில், தொப்பி விழ.

மெய்ஜி எட்டு, அக்டோபர் 30

பிரபு வம்சத்தார் அனுமதி இல்லாமல் தலைநகரை விட்டுப் போகக்கூடாது. மூன்று முறை அனுமதி கேட்டேன், மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள். பழைய பிரபு பழைய நாட்டுக்குப் போனால் கூட்டம் கூடும் என்று பயம். இரண்டு பிரபுக் குடும்பப் பிள்ளைகள் ஏற்கெனவே கலகக்காரர்களோடு பேசிப் பிடிபட்டிருக்கிறார்கள். அதிகாரிகளின் பயத்திலும் தவறில்லை.

ஒரே வழிதான். குடும்பத் தலைமையைத் தம்பி நோரிமிச்சிக்கு எழுதிக்கொடுத்து ஒதுங்கிவிட்டால், நான் வெறும் தனி ஆள். பட்டமும் பேரரசர் சபையில் இடமும் அவனுக்குப் போய்விடும். திரும்பி வராது.

ஷிஹோவிடம் சொன்னேன். தையலை நிறுத்தாமல் கேட்டாள். "பட்டம் போனா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஷிஹோ என்றுதான்."

"அதுக்கு நான் எப்பவோ பழகிட்டேன். நீங்க பழகியிருக்கீங்களான்னுதான் கேக்கணும்." ஊசியைத் துணியில் செருகினாள். "அங்கே மாடிவீடு இருக்காது. குளிரும். தடிமனா ஒண்ணு தைக்கிறேன்."

மெய்ஜி எட்டு, டிசம்பர் 12

கையெழுத்துப் போட்டாயிற்று. பதினோராவது தலைமுறை என்று யாரும் இனி என்னை எண்ண மாட்டார்கள். நோரிமிச்சி அழுதான். நல்ல பையன், ஆனால் எதற்கெடுத்தாலும் அழுவான்.

மெய்ஜி ஒன்பது, ஏப்ரல் 11, கசமி

ஷிஹோவும் நானும் நேற்றுத்தான் வந்து ஊரோரத்தில் ஒரு வீட்டில் குடியேறினோம். விசாரணை பழைய அரிசிக் கிடங்கில் நடந்தது. காட்டுப் பிரிவினை அதிகாரியின் பெயர் செனோ. தெற்கிலிருந்து வந்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம். ஊர் ஜனம் வாசல் வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஐந்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன், ஓட்சுனேவின் முன்முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். "வந்துட்டாரே!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கேட்டது. ஆச்சரியத்தை மறைக்கவில்லை.

"பெயர்?"

"ஓரிஹாரா நோரியாசு."

"தொழில்?"

"இல்லை."

இல்லை என்றே எழுதிக்கொண்டார்கள்.

பழைய நாட்டின் பதிவேட்டைக் கொண்டுவந்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தால், கென்பா. மாவட்டக் கிளையில் ஆவணக் காப்பாளராக இருக்கிறார். குடுமி இல்லை, கம்பளித் தொப்பி. வெள்ள வருடத்து ஏட்டை விரித்து, "இப்படி ஒரு உத்தரவு பதிவாகல," என்றார். உண்மைதானே.

டோகுசோ முதலில் சாட்சி சொன்னார். என் வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார். செனோவுக்கு வாயோரம் துடித்தது. அவர் சிரித்ததும் கிடங்கே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறொருவன் சொன்னதாக இருந்தால்.

"ஓரிஹாரா-சான், 'பசிக்குது, போகலாம்'ங்கறதை ஒரு மானியமா எடுத்துக்கச் சொல்றீங்களா? நினைச்சுச் சொன்ன பேச்சே இல்லையே. நீங்களே மறந்துட்டதா எழுதிக்கொடுத்திருக்கீங்க."

இதற்காக ஐந்து வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். சட்ட விதிகள், முன்னுதாரணங்கள், இருபது பக்கம். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஐயா, நான் நினைத்துச் சொன்னதை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள். வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்னால், இதே காட்டில் ஒரு கிளை ஒடித்ததற்காக மொசுகே என்பவரின் தலையை எடுத்தார்கள். அதற்கு என்னிடமிருந்து வந்தது 'நடக்கட்டும்' என்ற ஒரு வார்த்தை. அன்றைக்கு எனக்குச் சளி. அதையும் நினைத்துச் சொல்லவில்லை, அதையும் மறந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தைக்கு யாரும் காகிதம் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் வெட்டிவிட்டார்கள். அதே வாய்தான் இதையும் சொன்னது. கொல்லச் சொன்னால் செல்லும், கொடுக்கச் சொன்னால் செல்லாது என்றால், அது என்ன வாய் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. செனோ பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு கென்பாவைப் பார்த்துக் கேட்டார். "பதிவு இல்லைன்னீங்க. சரி. நீங்க அன்னைக்குப் பாலத்துல இருந்தீங்களா?"

கென்பா அந்த வேலையை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார். நான் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். பார்த்தால் உத்தரவு போலாகிவிடும்.

"இருந்தேன்," என்றார் கென்பா. "என் காதால கேட்டேன். எழுதாம விட்டது என் தப்பு."

வெளியே வந்தபோது ஓட்சுனே வாசலில் நின்றிருந்தாள். "பேரை மறக்கல," என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது.

மே 2

தீர்ப்பு வந்தது. ஒன்பது ஊர்கள் கேட்டதில் எங்கள் ஊரும் இன்னொன்றும் மட்டும் பிழைத்தன. அதுவும் பாதி. வெள்ளத்துக்குப் பின் வெட்டிய வழக்கம் கிழக்குச் சரிவில்தான் நிரூபணமாம்: கிழக்குச் சரிவு ஊர்ப் பொது. பெரிய தேவதாருக்கள் நிற்கும் மேற்குச் சரிவு சர்க்காருக்கு.

ஊர்த்தலைவர் வீட்டில் அரிசி மது ஊற்றினார்கள். கென்பாவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, என் தோளில் கை போட்டார். வாழ்க்கையில் முதல் முறை. சட்டென்று எடுத்துக்கொண்டார். நான் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மே 20

வேலியைப் பிரித்து, தழை வெட்டுக்குக் காட்டைத் திறந்த நாள். விடிந்ததும் ஊரே சரிவில் வரிசையாக நின்றது. ஊர் விதிப்படி வீட்டுக்கு ஓர் அரிவாள், ஒரு நாளைக்கு ஆறு கட்டு. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்சுனே வந்து ஓர் அரிவாளை நீட்டினாள்.

"சும்மா நிக்காதீங்க. குளிர்காலத்துல உங்க வீட்டம்மாவுக்கு அடுப்பு எரிய வேணாமா?"

ஷிஹோ தைத்த தடித்த சட்டை முதுகில் நனைந்தது. ஆறு கட்டுக்கு நான் வெட்டியது இரண்டு. உள்ளங்கையில் கொப்புளம் நான்கு.

மதியத்தில் எல்லோரும் உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது, ஓட்சுனே குடிக்காமல் முகட்டுக்கு ஏறிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். அந்தப் பக்கம் மேற்குச் சரிவு. புதிதாகக் கட்டிய சர்க்கார் கயிறு. கயிற்றுக்கு அப்பால் முப்பது அடியில் ஒரு தேவதாரு, இடுப்புயரத்தில் பிளந்து, பிளந்த இடத்தில் பட்டை மூடி, இன்னமும் நின்றது.

அவள் கயிற்றைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

மே 21

கை வீங்கியிருக்கிறது. தூரிகை நிற்கவில்லை, எழுத்து கோணுகிறது. இருந்தாலும் காலையிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். மேற்குச் சரிவு குறித்து, முதல் மனு.

"மனுதாரர் தொழில்" என்ற இடத்தில் தழை வெட்டுதல் என்று போட்டேன்.